குறை சொல்ல ஒரு நாடு

கிழக்கு லண்டன்,
2025 அக்டோபர்.

அன்புள்ள மதினிக்கு,

நீங்க போன்ல கேட்ட கேள்விக்கு வாட்ஸ்அப்ல பதில் போட்டா, நம்ம குடும்ப குரூப்புல பெரியப்பா தொடங்கி ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லிருவாங்க. அதனாலதான் காகிதத்துல எழுதுறேன்.

“துபாய்ல மகாராணியா இருந்தவளுக்கு அந்த ஈரம் புடிச்ச ஊருக்குத் திரும்பிப் போக என்ன வந்துச்சு?”ன்னு கேட்டீங்க. நியாயமான கேள்விதான். அங்க வீட்டைக் கூட்ட ஆள் உண்டு. காருக்குப் பெட்ரோல் போட ஆள் உண்டு. கீழே இருக்கிற பக்காலாங்கற மளிகைக் கடைக்குப் போன் அடிச்சா, ஒத்தைக் கட்டுக் கொத்தமல்லியைப் பதினாலாவது மாடிக்குக் கொண்டாந்து தருவாங்க. சம்பளத்துக்கு வருமான வரி கிடையாது. இங்க வாரியல் என் கையில, பெட்ரோல் குழாய் எங்க வீட்டுக்காரங்க கையில. வருஷத்துக்கு 12,570 பவுண்டுக்கு மேல சம்பாதிக்கிறதுல அரசாங்கம் அஞ்சுல ஒரு பங்கு எடுத்துக்குது. 50,270-ஐத் தாண்டினா அஞ்சுல ரெண்டு. இவ்வளவும் தெரிஞ்சுதான் வந்தோம். வந்ததுல எனக்கு அம்புட்டு சந்தோஷம்.

ஊருக்குச் சொல்ற காரணம் பெரியவ படிப்பு. அது பொய்யில்ல. கையில பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இருந்தா மட்டும் இங்க காலேஜ் ஃபீஸ் குறையாது மதினி. படிப்பு தொடங்குறதுக்கு முன்னாடி மூணு வருஷம் இந்த நாட்டுல குடியிருந்திருக்கணும். இருந்தா இந்த 2025 கணக்குப்படி வருஷத்துக்கு 9,535 பவுண்ட். இல்லைன்னா வெளிநாட்டுப் பிள்ளைக்கான ஃபீஸ். அது ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு போகும். துபாய்ல இருக்கிற நம்மாளுங்க பிள்ளைக்குப் பதினாலு வயசு ஆனதும் திடீர்னு “ஆயிரம் இருந்தாலும் லண்டன் லண்டன்தான்”னு உருக ஆரம்பிப்பாங்க. உருக்கத்துக்குக் காரணம் இந்த மூணு வருஷக் கணக்குதான்.

வந்து இறங்கினதும் எங்களை யாருக்குமே தெரியல. 2013-ல நாங்க துபாய்க்குக் கிளம்பினப்போ இங்க எங்களுக்கு வீடு, பேங்க், டாக்டர், லைப்ரரி கார்டுன்னு எல்லாம் இருந்துச்சு. இப்போ வாடகைக்கு வீடு கேட்டா ஏஜென்ட், “மூணு மாச பேங்க் ஸ்டேட்மென்ட் கொண்டாங்க”ன்னார். பேங்குக்குப் போனா, “வீட்டு முகவரிக்கு ஆதாரம் கொண்டாங்க”ன்னாங்க. பாஸ்போர்ட்டை நீட்டினேன். அந்தப் பொண்ணு சிரிச்ச முகமா, “இதுல நீங்க யாருன்னு இருக்கு, எங்க இருக்கீங்கன்னு இல்லையே”ன்னா. கரண்ட் பில் இருந்தாப் போதுமாம். வீடு கிடைச்சாத்தானே கரண்ட் பில் வரும்? இதை அவகிட்டச் சொன்னேன். “ஆமா, கஷ்டம்தான்”னு ரொம்ப அனுதாபமாத் தலையாட்டினா. இந்த ஊர்ல அனுதாபத்துக்குப் பஞ்சமே கிடையாது. அதை வச்சு ஒரு காரியமும் ஆகாது, அம்புட்டுதான்.

அடுத்து கடன் கணக்கு. யாருக்கு எவ்வளவு கடன் குடுத்தா ஒழுங்காத் திருப்பித் தருவாங்கன்னு இங்க ஒவ்வொருத்தருக்கும் ஒரு மதிப்பெண் உண்டு. எங்களுக்கு எழுத ஒண்ணுமே இல்லாம வெறுந்தாளா இருந்துச்சு. நம்ம அப்பா, “ஒருத்தன்கிட்ட ஒத்தப் பைசா கடன் வாங்கினது கிடையாது”ன்னு நெஞ்சை நிமித்திச் சொல்லுவாரே, அவரு இங்க வந்திருந்தா மாசத் தவணையில ஒரு செல்போன்கூடக் குடுத்திருக்க மாட்டாங்க. கடன் வாங்காதவனை நம்பாத ஊர் இது.

கார் கதை இதைவிட மோசம். இத்தனை வருஷமா இவங்க ஒரு சின்ன உரசல்கூட இல்லாம ஓட்டினாங்களே, அதெல்லாம் துபாய்ல ஓட்டினது, கணக்குல வராதுன்னுட்டாங்க இன்சூரன்ஸ்காரங்க. பழைய லண்டன் கணக்கும் காலாவதி. ஐம்பதை நெருங்குற மனுஷனுக்கு, நேத்து லைசென்ஸ் எடுத்த பையனுக்குப் போடுற மாதிரி ஒரு தொகை போட்டாங்க. கோபமா வெளியே வந்து கார்க் கதவைப் படார்னு திறந்து உக்காந்து ஸ்டியரிங்கைத் தேடுறாங்க. அங்க இடது பக்கம் இருந்துச்சு, இங்க வலது பக்கம்ல? சின்னவன் பின்னாடி இருந்து, “அப்பா, நீங்க ஓட்டலைன்னா அம்மாவை ஓட்டச் சொல்லுங்க”ன்னான்.

கடைசியில இந்த முடிச்சை அவிழ்த்தது யார் தெரியுமா? வரி கேட்டு வந்த காகிதம்! இவங்க சிநேகிதர் ஒருத்தர் புண்ணியத்துல வீடு கிடைச்சுது. குடிபோன கொஞ்ச நாள்ல கவுன்சில் டாக்ஸ்ங்கற வீட்டு வரி பில் வந்துச்சு, இவங்க பேர் போட்டு, முகவரி போட்டு. வரி கட்டச் சொல்லி வந்த காகிதத்தைச் சாமி படத்துக்குப் பக்கத்துல வச்சது உலகத்துலயே நாங்களாத்தான் இருக்கும். அதைக் காட்டினதும் பேங்க், டாக்டர், லைப்ரரி எல்லாக் கதவும் திறந்துச்சு. வாக்காளர் பட்டியல்ல பேர் ஏறினதும் அந்தக் கடன் மதிப்பெண்ணும் எந்திரிச்சு உக்காந்துச்சு.

இந்த வரியைப் பத்தி அண்ணன்கிட்டச் சொல்லுங்க, கணக்கு வாத்தியார் ரசிப்பாங்க. இங்கிலாந்துல ஒரு வீட்டுக்கு எவ்வளவு வரின்னு தீர்மானிக்க, 1991 ஏப்ரல் 1-ம் தேதி அந்த வீடு என்ன விலைக்குப் போயிருக்கும்னு பார்ப்பாங்க. போன வருஷம் கட்டின வீடா இருந்தாலும் அப்படித்தான். இல்லாத வீட்டுக்கு 1991-ல என்ன விலைன்னு ஒரு அதிகாரி உக்காந்து யோசிச்சு எழுதணும். வருமான வரி வருஷம் ஏப்ரல் 6-ம் தேதி தொடங்குறதுக்கும் இப்படி ஒரு கதை. 1752-ல காலண்டரை மாத்துறதுக்காகப் பதினோரு நாளைத் தூக்கினாங்க. வரி வசூல்ல அந்த நாள் குறையக் கூடாதுன்னு மார்ச் கடைசியில இருந்ததைத் தள்ளி வச்சாங்க. காலண்டர் பழகி இருநூத்தி எழுபது வருஷம் ஆச்சு, தேதியை இன்னும் சரிபண்ணல. எதையும் மாத்த மாட்டாங்க இந்த ஊர்க்காரங்க.

ஆனா பவுண்ட் நோட்டை மட்டும் நாங்க இல்லாத நேரம் பார்த்து மொத்தமா மாத்திட்டாங்க. கிளம்பறப்போ, “திரும்பி வந்தா டாக்சிக்கு ஆகும்”னு ஒரு பர்ஸ்ல கொஞ்சம் பவுண்ட் போட்டு வச்சிருந்தேன்ல? அஞ்சு, பத்து, இருபது எல்லாம் காகித நோட்டு, கூடவே வட்டமான ஒரு பவுண்ட் காசு. காசு 2017 அக்டோபரோட செல்லாது. இப்போ இருக்கிறதுக்குப் பன்னிரண்டு பக்கம். நோட்டும் ஒவ்வொண்ணாப் போயி, 2022 செப்டம்பரோட எல்லாம் செல்லாக்காசு. இப்போ எல்லாம் பிளாஸ்டிக், துவைச்சாலும் கெடாது. கடைக்காரர் என் இருபது பவுண்ட் நோட்டை வெளிச்சத்துல தூக்கிப் பார்த்து, “இது எங்க தாத்தா காலத்துது”ன்னு திருப்பிக் குடுத்தார். செல்லுற பணமே இருந்தாலும் லண்டன் பஸ்ல காசு வாங்கறதை 2014-லயே நிறுத்தியாச்சு. கார்டைத் தொட்டுட்டு ஏறணும்.

இதுல ஒரு விஷயம் உங்களுக்கு வயித்தெரிச்சலா இருக்கும். 2016 நவம்பர்ல ஐநூறு ரூபாய் நோட்டு செல்லாதுன்னு டிவியில நம்ம பிரதமர் பேசின ராத்திரி, அரிசிப் பானைக்குள்ள இருந்து நீங்க ஐநூறு ரூபாய் நோட்டா எடுத்து அண்ணன் முன்னாடி வச்சு, வீடே அதிர்ந்துச்சே! இங்க பேங்க் ஆஃப் இங்கிலாந்து எந்தக் காலத்து நோட்டைக் கொண்டுபோனாலும் மாத்திக் குடுக்கும். காலக்கெடு கிடையாது. தபால்லயும் அனுப்பலாம். நீங்க இந்த ஊர்ல பிறந்திருந்தா பானையும் தப்பிச்சிருக்கும், மானமும் தப்பிச்சிருக்கும்.

வீடு சின்னது. பாளையங்கோட்டை வீட்டுத் தார்சாவுக்குள்ள எங்க ஹாலை வச்சிரலாம். கை கழுவுற தொட்டியில சுடுதண்ணிக்கு ஒரு குழாய், பச்சைத்தண்ணிக்கு ஒரு குழாய். ஒண்ணுல கை வேகும், இன்னொண்ணுல கை விறைக்கும். குளியலறை லைட்டுக்கு சுவிட்ச் இல்ல, மேல இருந்து தொங்குற கயித்தை இழுக்கணும். சின்னவன் அதை இழுத்து இழுத்தே ஒரு கயித்தை அத்துட்டான்.

குப்பைக்கு நிறத்துக்கு ஒரு தொட்டி. எந்த நிறம் எதுக்குங்கறது ஊருக்கு ஊர் மாறும். இது ஒரு வாரம், அது ஒரு வாரம். எங்க தெருவுல யாரும் கவுன்சில் குடுத்த அட்டவணையைப் பார்க்கிறதில்ல. பக்கத்து வீட்டுப் பாட்டி சாயங்காலம் எதை உருட்டிட்டு வந்து வாசல்ல வைக்கிறாங்களோ, கால் மணி நேரத்துல தெரு முழுக்க அதே நிறம் நிக்கும். ஒரு தடவை பேங்க் லீவு வந்து நாள் மாறிப்போச்சு. பாட்டி அசந்துட்டாங்க. தெருவே அசந்துடுச்சு. வண்டி வராத தெருவுல வரிசையா அத்தனை தொட்டி, ஒவ்வொரு வீட்டு ஜன்னல்லயும் ஒரு முகம். அன்னைக்குத்தான் எல்லாரும் எங்ககிட்டப் பேச ஆரம்பிச்சாங்க. அதுவரைக்கும் வெறும் தலையாட்டல்தான்.

அடுத்து மழையும் வெயிலும். சொன்னா நம்ப மாட்டீங்க, எனக்குப் புடிச்சது இதுதான். துபாய்ல அந்த வீட்டு ஜன்னலை நாங்க மே மாசம் சாத்தினா அக்டோபர்லதான் திறப்போம். வெளியே 45 டிகிரி, உள்ளே போர்வை. துணி காயறது மெஷின்ல. இங்க புறவாசல்ல கொடி கட்டித் துணி காயப்போடுறேன் மதினி. காயப்போட்டுட்டு வானத்தையே பார்த்துக்கிட்டு சமைக்கணும். முதல் தூறல் விழுந்ததும் எங்க வரிசையில எல்லா வீட்டுக் கதவும் ஒரே நேரத்துல திறக்கும், எல்லாரும் கூடையோட ஓடுவோம். எடுத்து உள்ளே வந்ததும் வெயில் அடிக்கும். வேலிக்கு மேல பாட்டி என்னைப் பார்த்துக் கையை விரிப்பாங்க, நானும் விரிப்பேன். அங்க இத்தனை வருஷத்துல லிப்ட்ல கூட வந்தவங்ககிட்ட வானிலையைப் பத்திப் பேசினதே இல்ல. தினம் அதே வெயில், என்னத்தப் பேச?

டிசம்பர்ல நாலு மணிக்கு முன்னாடியே பொழுது சாஞ்சிரும். பிள்ளைங்க ஸ்கூல் விட்டு வர்றப்போ தெருவிளக்கு எரியும். அந்த ஒரு மாசம் எனக்கும் அழுகை வரும், மறைக்கல. ஆனா ஜூன்ல ராத்திரி ஒன்பது தாண்டியும் வெளிச்சம். சாப்பிட்டு, பாத்திரம் கழுவி, பூங்காவுக்கு நடந்து போயிட்டு வந்தாலும் இருட்டாது. முப்பது டிகிரி ஆனா இந்த ஊர்க்காரங்க படுற பாட்டைப் பார்க்கணும். 2022 ஜூலை 19-ம் தேதி லிங்கன்ஷயர்ல கோனிங்ஸ்பிங்கற ஊர்ல 40.3 டிகிரி அடிச்சுது. இந்த நாட்டு வரலாற்றுலயே அதுதான் உச்சம். தண்டவாளம் வளைஞ்சிரும்னு ரயிலை நிறுத்தினாங்களாம். அதை இன்னும் போர்க்காலக் கதை மாதிரி சொல்லுறாங்க. நம்ம ஊர்ல அந்த வெயில்ல சித்திரையில கல்யாணம் வச்சுப் பந்தியில பாயசம் ஊத்துவோம்னு சொன்னா, பாட்டி என்னைப் பரிதாபமாப் பார்க்கிறாங்க.

சின்னவன் பூங்காவுல விழுந்து கையை முறிச்சுக்கிட்டான்னு போன்ல சொன்னேன்ல? அன்னைக்கு ஆஸ்பத்திரியில உக்காந்த நேரத்துல ஒரு தொடர்கதையே படிச்சிருக்கலாம். அவ்வளவு காத்திருப்பு. டாக்டரைப் பார்க்கக் காலைல எட்டு மணிக்குப் போன் போடணும். வரிசையில உங்களுக்கு முன்னாடி இத்தனை பேர்னு சொல்லும், கிடைச்சா அன்னைக்கு அதிர்ஷ்டம். இதெல்லாம் குறைதான். ஆனா எக்ஸ்ரே எடுத்து, மாவுக்கட்டு போட்டு, “போகலாம்”னு நர்ஸ் சொன்னதும், பழக்க தோஷத்துல நான் கைப்பையைத் திறந்துக்கிட்டு, “பில் எங்க கட்டணும்?”னு கேட்டேன். அந்தம்மா முழிச்சுது. இங்க பில் கட்டுற ஜன்னலே கிடையாது மதினி. 1948 ஜூலை 5-ம் தேதி இந்த அரசாங்க மருத்துவச் சேவை தொடங்கினதுல இருந்து இப்படித்தான் நடக்குது. ஆனா இங்கிலாந்துல மருந்துச் சீட்டுல இருக்கிற ஒவ்வொரு மருந்துக்கும் 9.90 பவுண்ட், அதுவும் பிள்ளைங்களுக்குக் கிடையாது. இதுக்குத்தான் அந்த அஞ்சுல ஒரு பங்கு போகுதுன்னு அன்னைக்கு வீட்டுக்கு வர்ற வழியில இவங்க வாயாலயே சொன்னாங்க. அதுக்கு மறுநாள் சம்பளச் சீட்டு வந்ததும் பேச்சு மாறிடுச்சு.

கடைக்கு ஈஸ்ட் ஹாம் போவோம். முருங்கைக்கீரை, நாட்டுக் கத்தரிக்காய், இடியாப்ப மாவு எல்லாம் கிடைக்கும். பெரும்பாலும் ஈழத் தமிழர் கடை. போர்க்காலத்துல உயிரைக் கையில புடிச்சுக்கிட்டு வந்தவங்க இந்த ஊருக்குத் தமிழ்ச் சமையலைக் கொண்டாந்து சேர்த்தாங்க. நம்மாளுங்க பின்னாடி வந்து பையை நிறைச்சுக்கிறோம். ஆகஸ்ட்ல வெஸ்ட் ஈலிங் கனகதுர்க்கை அம்மன் கோயில் தேருக்குப் போனோம். முன்னாடி கிறிஸ்தவங்க ஜெபம் பண்ணின கட்டடம் அது. போலீஸ்காரங்க ரோட்டை மறிச்சு நிக்க, அம்மன் தேர்ல வர, காவடியும் பால்குடமும் வெள்ளைக்காரங்க வீட்டு வாசல் வழியாப் போகுது. நெல்லையப்பர் தேர் பார்த்து வளர்ந்தவளுக்கு இது சின்னத் தேர்தான். வடம் புடிச்சப்போ கை நடுங்குனது மட்டும் அதே நடுக்கம்.

இப்போ உங்களுக்கு மட்டும் உண்மைக் காரணம் சொல்றேன். துபாய் மேல எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. சோறு போட்ட ஊர். ஆனா அங்க எங்களை மாதிரி ஆளுங்களுக்கு வேலை இருக்கிற வரைக்கும்தான் விசா. எங்க மாடியிலயே ஒரு குடும்பம், பிள்ளைக்குப் பரீட்சைக்கு முந்தின மாசம் அவருக்கு வேலை போச்சு. கொஞ்ச நாள்ல சோபாவை வித்து, காரை வித்து, விமானம் ஏறிட்டாங்க. அந்தம்மா வளர்த்த துளசித் தொட்டி என்கிட்ட வந்துச்சு. அதுக்கப்புறம் எனக்கு அந்த வீட்டுச் சுவர்ல ஆணி அடிக்கக்கூட மனசு வரல. விருந்தாளியாப் போன வீட்டுல சாம்பார்ல உப்பு கம்மின்னு சொல்ல முடியுமா?

இங்க சொல்லலாம். எங்க தெருமுனையில ரோட்டுல ஒரு பள்ளம் இருக்கு. புகார் குடுத்தேன். ரெண்டே நாள்ல நம்பரோட பதில் வந்துச்சு. ஒரு வாரத்துல ஆள் வந்து பள்ளத்தைச் சுத்தி மஞ்சள் பெயின்ட்ல அழகாக் கட்டம் போட்டுட்டுப் போனார். பள்ளம் அப்படியே இருக்கு, இப்போ நல்லாத் தெரியுது. எம்.பி. வாராவாரம் மக்களைப் பார்ப்பார். அவரைப் பார்த்தும் சொன்னேன். பொறுமையாக் கேட்டுக் குறிச்சுக்கிட்டார். அடுத்த தேர்தல்ல அவருக்கு ஓட்டுப் போடறதாங்கறதை அந்தப் பள்ளத்தைப் பார்த்துத்தான் முடிவு பண்ணுவேன். இன்னொரு வேடிக்கை தெரியுமா? இந்திய பாஸ்போர்ட் வச்சிருக்கிறவங்களும் இங்க முறைப்படி குடியிருந்தா ஓட்டுப் போடலாம். காமன்வெல்த் நாட்டுக்காரங்களுக்கு அந்த உரிமை உண்டு. எங்க தெருவுக்குப் புதுசா வந்த கோயம்புத்தூர்த் தம்பதிகிட்ட இதைச் சொன்னதும், அவங்களும் அன்னைக்கே பள்ளத்தைப் பத்தி எழுதிட்டாங்க.

மழையைத் திட்டுறோம், ரயில் லேட்டுன்னு திட்டுறோம், இந்த வருஷ டிவி லைசென்ஸுக்கு 174.50 பவுண்ட் வாங்கிக்கிட்டு டிவியில ஒண்ணுமே இல்லைன்னு திட்டுறோம். பாட்டி கூடச் சேர்ந்து வேலிக்கு இந்தப் பக்கம் நின்னு திட்டுறப்போ, யாரும் என்னைப் பார்த்து, “புடிக்கலைன்னா உங்க ஊருக்குப் போ”ன்னு இதுவரைக்கும் சொன்னதில்ல. சொல்ற ஆளுங்க இந்த நாட்டுல இல்லாம இல்ல, எனக்கும் தெரியும். எங்க தெருவுல இல்ல.

நீங்களும் அண்ணனும் அடுத்த ஜூன்ல கண்டிப்பா வரணும். பயண இன்சூரன்ஸ் எடுக்காம வந்திராதீங்க. அந்தப் பில் இல்லாத ஆஸ்பத்திரி இங்க குடியிருக்கிறவங்களுக்குத்தான், சுத்திப் பார்க்க வந்தவங்க உள்ளே படுத்தா கறாரா வசூல் பண்ணிருவாங்க. சுண்டவத்தல், அரிசி அப்பளம், சொதிக்கு நல்ல பாசிப்பருப்பு, பெரியவளுக்குச் சீயக்காய்த் தூள் கொண்டாங்க. பால்கோவாவும் நெய்யும் கருவாடும் வேண்டாம்; பாலும் இறைச்சியும் வெளிநாட்டுல இருந்து கொண்டுவரத் தடை, கருவாட்டு வாசத்துக்கு நான் தெருவுக்கே பதில் சொல்லணும். அண்ணன் பாஸ்போர்ட் காலாவதி ஆகப்போகுதுன்னு நினைக்கிறேன். விசாவுக்கு எழுதறதுக்கு முன்னாடி அதைப் பீரோவுல இருந்து எடுத்து முதல்ல தேதியைப் பாருங்க.

இப்படிக்கு,
உங்கள் அன்பு நாத்தனார்.